அன்றன்றைக்கு அள்ளுங்கள்

நாய்க்குட்டிக்கு உடம்பு சரியில்லை என்று யார் வந்து நின்றாலும், தெர்மாமீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். "குட்டி வெளிக்குப் போறதை வீட்டுல யாரு அள்ளுறது?"

பலர் திகைப்பார்கள். காய்ச்சலைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ கேட்பேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் அவர்கள். "அது தோட்டத்துல போயிட்டு வந்துரும் டாக்டரம்மா, அள்ளுறதுக்கு என்ன இருக்கு" என்பார் ஒருவர். "வாரத்துக்கு ஒருக்கா ஆளு வந்து கூட்டுது" என்பார் இன்னொருவர். "காஞ்சு மண்ணாப் போயிரும், இல்லைன்னா மழையில கரைஞ்சுரும்" என்ற பதிலைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். இந்தப் பதில்களில் ஒன்று வந்துவிட்டால், குட்டியைத் தொடுவதற்கு முன்பே அதன் ஈறைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்த ஈறு பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும்.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி விருதுநகர் மாவட்டத்துக் கால்நடை மருந்தகங்களில் கழிந்தது. ஆடு, மாடு, கோழிதான் அன்றாட வேலை என்றாலும், அந்த மண்ணுக்கு நாய்ப் பெருமை ஒன்று உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று நாட்டு நாய்களை வழிவழியாக வளர்த்து வரும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அவற்றில் ராஜபாளையமும் ஒன்று. நாய்க்குக் கேப்பைக்களியும் பாலும் முட்டையும் நேரம் தவறாமல் கொடுப்பார்கள். வெயில் படாமல் வேப்பமர நிழலில் கட்டுவார்கள். குட்டி போட்ட தாய்க்குத் தனிக் கவனிப்பு நடக்கும். இத்தனை பாசத்தோடு வளர்க்கிற வீட்டில், அந்த நிழலிலேயே, நாய் படுக்கும் இடத்திலிருந்து நாலடி தூரத்தில், முந்தின வாரத்து மலம் கிடக்கும். அது ஒரு கெடுதல் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. நாய் கடித்தால் வெறிநோய் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாயின் பல்லுக்குப் பயப்படுகிற அளவில் பத்தில் ஒரு பங்குகூட அதன் மலத்துக்கு யாரும் பயப்படுவதில்லை.

நான் படித்தது சென்னை வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில். ஒட்டுண்ணியியல் செய்முறை வகுப்பில் கற்றுக்கொண்ட ஒரு எளிய சோதனையைப் பணிக்காலம் முழுவதும் செய்தேன். இனிமேல் கரையாது என்கிற வரைக்கும் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்துக்கொள்ள வேண்டும். அதில் சுண்டுவிரல் நுனியளவு மலத்தைக் கலக்கி, வடிகட்டி, சின்னக் குப்பியில் விளிம்பு தட்ட ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்துக் கால் மணி நேரம் விட்டால் போதும். புழு முட்டைகள் மிதந்து மேலே வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அதை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், கொக்கிப்புழு முட்டை மெல்லிய ஓட்டோடு நீள்வட்டமாகத் தெரியும். உள்ளே நான்கோ எட்டோ உயிரணுக்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். உருண்டைப்புழு முட்டை அப்படியல்ல. கரும்பழுப்பில், தடித்த ஓட்டோடு, மேலெல்லாம் குழிகுழியாக இருக்கும். ஒரு முறை பார்த்தவர்கள் அதை வேறொன்றாக நினைக்கவே மாட்டார்கள்.

வளர்ப்பவர்கள் வரும்போது அவர்களையே நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்க்கச் சொல்வேன். அதைவிட, மிச்ச மலத்தை ஈரம் காயாமல் மூடி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி வரச் சொல்வேன். முதல் நாள் அசைவில்லாமல் கிடந்த முட்டை ஓடுகள் காலியாக இருக்கும். பக்கத்தில் நூல்நுனி போன்ற லார்வாக்கள் உடம்பை வளைத்து வளைத்து நீந்திக்கொண்டிருக்கும். எத்தனையோ பேச்சில் புரியாதது அந்த ஒரு பார்வையில் புரிந்துவிடும். நாய் நிறைய வைத்திருந்த ஒரு பெரியவர் கண்ணை எடுத்துவிட்டு, "இதுதான் எங்க வீட்டு முத்தத்துல கிடக்குதாம்மா?" என்று கேட்டார். "முற்றத்துல கிடக்கிறது மட்டும் இல்லைங்கய்யா, அங்கேயே வளர்ந்துக்கிட்டும் இருக்கு" என்றேன்.

நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் இந்த இரண்டு நாளுக்குள்தான் இருக்கிறது. நாய் கழித்த உடனே அந்த மலத்தில் இருக்கும் கொக்கிப்புழு முட்டையால் யாருக்கும் நோய் வராது. ஈரமான நிழல் மண்ணில் ஒன்றிரண்டு நாளில் அது பொரிக்க வேண்டும். பொரித்த லார்வா இரண்டு முறை தோலுரிக்க வேண்டும். அதன் பிறகுதான், ஏறக்குறைய ஒரு வாரத்தில், அது இன்னொரு உடம்புக்குள் நுழையும் வலிமையைப் பெறும். உருண்டைப்புழு முட்டைக்கு இன்னும் கூடுதல் காலம் வேண்டும். மண்ணில் இரண்டு வாரமாவது கிடந்தால்தான் உள்ளே லார்வா முதிரும். அந்தக் கெடுவுக்குள் அள்ளியவருக்கு இந்தப் புழுக்களால் வரும் ஆபத்து மிகக் குறைவு. கெடு தாண்டிவிட்டால் அள்ளுவதற்கு மலமே மிஞ்சாது. லார்வாக்கள் மண்ணுக்குள் போயிருக்கும். உருண்டைப்புழு முட்டைகளோ மண்ணோடு கலந்து ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மழையில் கரைந்துவிட்டது என்று நாம் சொல்வது, மலம் கண்ணுக்குத் தெரியாமல் முற்றம் முழுவதும் பரவிவிட்டது என்பதைத்தான்.

குளிர் நாடுகளில் உறைபனி வந்து கொக்கிப்புழு லார்வாக்களைக் கொன்றுவிடுகிறது. நமக்கு அந்த உதவி கிடையாது. சித்திரை வெயில் திறந்த மண்ணைக் காயவைக்கும். காய்ந்த மண்ணில் லார்வா சாகும். ஆனால் நாம் நாயைக் கட்டுவது வெயிலில் அல்லவே. வேம்படி நிழல், துணி துவைக்கும் கல்லின் ஓரம், தென்னந்தோப்பின் வாய்க்கால் கரை என்று நாய்க்குச் சுகமான இடங்கள் எல்லாம் புழுவுக்கும் சுகமானவை. ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் மருந்தகத்துக்கு வெளிறிய குட்டிகள் வரிசையாக வரும்.

கொக்கிப்புழு எப்படிக் கொல்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தப் புழு குடல் சுவரைப் பல்லால் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்கு 0.1 மில்லி அளவுக்கு இரத்தத்தைப் போக்கக்கூடும். சின்னக் கணக்காகத் தெரியலாம். ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் மொத்த இரத்தமே சுமார் 80 மில்லிதான். நூறு புழு இருந்தால் நாளொன்றுக்கு 10 மில்லி போகிறது. எட்டில் ஒரு பங்கு. எந்தக் குட்டி இதைத் தாங்கும்? மலம் தார் நிறத்தில் கருத்துவிடும். ராஜபாளையம் நாய்க்கு மூக்கு இளஞ்சிவப்பு என்பதால் இரத்தம் குறைவது மூக்கிலேயே தெரியும். சிவப்புப் போய் மெழுகு வெள்ளையாகும்.

இதில் வளர்ப்பவர்களை நிலைகுலைய வைப்பது, இரண்டு வாரக் குட்டி சாவதுதான். "கண்ணு முழிச்சு நாலு நாள்தான் ஆகுது, மண்ணுலயே இறங்கலை, இதுக்கு எப்படிம்மா புழு வரும்?" என்று அழுதபடி கேட்ட பெண்ணை எனக்கு நினைவிருக்கிறது. புழு தாய்ப்பாலில் வருகிறது. வளர்ந்த நாயின் தோல் வழியாகவோ வாய் வழியாகவோ புகும் லார்வாக்களில் ஒரு பகுதி குடலுக்குப் போகாமல் தசையில் போய் உறங்கிக் கிடக்கும். மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நாய் சினையாகிக் குட்டி ஈன்றதும் அவை விழித்துக்கொண்டு பால்மடிக்கு நகர்கின்றன. தாயின் மலத்தைச் சோதித்தால் ஒரு முட்டைகூட இருக்காது. பார்வைக்கு அது திடகாத்திரமாக இருக்கும். அதன் பாலைக் குடித்த குட்டி முதல் வாரம் கொழுகொழுவென்று இருந்துவிட்டு, இரண்டாம் வாரம் முடிவதற்குள் வெளிறிச் சரியும். குட்டியின் மலத்தில் முட்டை தெரிவதற்கு முன்பே உயிர் போய்விடுவதும் உண்டு. போன வருஷம் முற்றத்தில் அள்ளாமல் விட்ட மலம் இந்த வருஷம் பிறக்கும் குட்டியைக் கொல்கிறது என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சில்லை, நடப்பதே அதுதான்.

தென்னந்தோப்புக்குள் கம்பிவேலி போட்டு நாட்டு நாய் வளர்த்த ஒருவர் என்னிடம் வந்தபோது, ஒரே தாயின் அடுத்தடுத்த ஈத்துக் குட்டிகளைப் பறிகொடுத்திருந்தார். "பூச்சி மருந்து தவறாமக் குடுக்கேன் டாக்டரம்மா, ஒரு தடவகூட விட்டதில்ல" என்றார். அவர் சொன்னது உண்மைதான். மருந்துச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தார். தோப்புக்குப் போய்ப் பார்த்தேன். தினமும் வாய்க்கால் பாய்கிற மண், வெயில் இறங்காத நிழல். நாய் கழிப்பது தென்னைக்கு உரமாகட்டும் என்று விட்டிருந்தார். மாத்திரை குடலில் இருக்கும் புழுவைக் கொல்லும். மறுநாளே காலடி மண்ணிலிருந்து புதிய லார்வாக்கள் ஏறத் தொடங்கினால் மாத்திரை என்ன செய்யும்? தசையில் உறங்குகிற லார்வாவையும் சாதாரண மாத்திரை எட்டுவதில்லை.

அவருக்கு மூன்று வேலை சொன்னேன். ஈற்றறையைத் தோப்பிலிருந்து எடுத்து வீட்டோரம் வெயில் விழும் இடத்தில் சிமெண்ட் தரையோடு அமைக்கச் சொன்னேன். நாய்கள் திரிந்த இடத்து மேல்மண்ணை வழித்து அப்புறப்படுத்தச் சொன்னேன். காலையும் மாலையும் அள்ளுவதற்கு ஒரு ஆளைப் பொறுப்பாக்கச் சொன்னேன். என் பங்குக்கு, சினை நாய்க்கு நாற்பதாம் நாளிலிருந்து ஈன்ற இரண்டு வாரம் வரை தினசரி ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுத்தோம். குட்டிகளுக்குப் பதினைந்தாம் நாளிலேயே புழு நீக்க மருந்தைத் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுத்தோம். அந்த ஈத்துக் குட்டிகள் பிழைத்தன. இதில் மருந்து எவ்வளவு, மண்வெட்டி எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே மருந்தைத் தனியாகக் கொடுத்துத் தோற்ற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாய் நாயைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். குட்டிகள் பால் மட்டும் குடிக்கும் வரை, அவை கழிப்பதைத் தாயே நக்கித் தின்று சுத்தம் செய்துவிடும். படுக்கையில் ஒரு பொட்டு இருக்காது. குட்டிகள் திட உணவில் வாய் வைத்ததும் தாய் மெல்ல அந்த வேலையை விட்டுவிடும். மூன்றாவது, நான்காவது வாரம் அது. அதே வாரத்தில்தான் குட்டியின் மலத்தில் உருண்டைப்புழு முட்டைகள் வரத் தொடங்குகின்றன. இந்தப் புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் போய்விடுகிறது. ஏறக்குறைய எல்லாக் குட்டிகளும் இதோடுதான் பிறக்கின்றன என்று எடுத்துக்கொண்டு நாங்கள் மருந்து கொடுக்கிறோம். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு லட்சம் முட்டைகூட இடும். தாய் கைவிட்ட அந்த நாளிலிருந்து அள்ளுவது நம் வேலை. வளர்ந்த நாயைவிடக் குட்டியின் மலமே ஆபத்து அதிகம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. சிறிசாக இருக்கிறது, வாடையும் இல்லை, பிள்ளைகளின் மடியில் கிடக்கிற குட்டிதானே என்று நினைக்கிறார்கள்.

இனிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1950-இல் அமெரிக்காவில் ஹெலினார் வைல்டர் என்ற நோயியல் நிபுணர், நோய் முற்றியதால் அகற்றப்பட்ட 46 கண்களைச் சீவி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். கண்ணுக்குள் புற்றுநோயாக இருக்குமோ என்ற ஐயம் எழுகிற வகை நோய் அது. அந்தக் கண்களில் 24-இல் அவர் கண்டது புழு லார்வாக்களை, அல்லது அவை விட்டுச் சென்ற தடயத்தை. அவற்றில் நாயின் உருண்டைப்புழு லார்வா இருந்தது பின்னர் உறுதியானது. 1952-இல் பால் பீவரும் உடன் பணியாற்றியவர்களும், அதே லார்வா குழந்தைகளின் ஈரலில் அலைவதை விளக்கினார்கள். மனிதர் உடம்பில் இந்தப் புழு முழு வளர்ச்சி அடைவதில்லை. வழி தெரியாத லார்வா ஈரல், நுரையீரல், கண் என்று சுற்றுகிறது. முட்டை குழந்தையின் வாய்க்குள் போவது மண் ஒட்டிய விரல் வழியாகத்தான். மண் தின்கிற வயதுப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் அகப்படுகிறார்கள்.

வீடு கட்டக் கொட்டிய மணல் குவியலைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். நாயும் பூனையும் கழிக்கத் தேடுவது அப்படிப் பொலபொலவென்று இருக்கும் மணலைத்தான். பிள்ளைகள் விளையாடத் தேடுவதும் அதையேதான். ஒரு முறை நாய்க்குத் தடுப்பூசி போட வந்த ஒரு பாட்டி, கூட வந்த பேரனின் காலைக் காட்டினார். உள்ளங்காலின் ஓரத்தில் சிவந்த கோடு ஒன்று வளைந்து வளைந்து போயிருந்தது. "அக்கின்னு நினைச்சுக் காவி எழுதிப் பார்த்தோம்மா. கோடு நாளுக்கு நாள் நீண்டுக்கிட்டே போகுது. ராத்திரி தூங்க விடாம அரிக்குதாம்." தெருவில் கொட்டிக் கிடந்த மணலில் அந்தப் பையன் வெறுங்காலோடு ஆடுவது வழக்கம் என்று விசாரித்தபோது தெரிந்தது. அது நாய், பூனையின் கொக்கிப்புழு லார்வா. தோலுக்குள் புகுந்துவிடும், மனிதத் தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே இறங்கத் தெரியாது. அங்கேயே ஊர்ந்துகொண்டிருக்கும். மனிதருக்கு வைத்தியம் பார்ப்பது என் வேலையல்ல. தோல் மருத்துவரிடம் போகச் சொல்லி, என் ஐயத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மருந்தில் அது குணமானது.

கொக்கிப்புழு தோல் வழியாக நுழையும் என்பதை உலகுக்குச் சொன்னவர் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி. 1890-களின் பிற்பகுதியில் எகிப்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, லார்வா நிறைந்த நீர் தவறிப்போய் அவர் கையில் சிந்தியது. அந்த இடம் எரிந்து சிவந்தது. பின்னாளில் தன் மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகளைக் கண்டார். இலங்கைப் புனுகுப்பூனையிடமிருந்து கிடைத்த ஒரு கொக்கிப்புழுவுக்கு 1911-இல் சிலோன் பெயரைச் சேர்த்துப் பெயரிட்டவரும் அவர்தான். அந்த இனம் நாயிலும் பூனையிலும் வாழ்கிறது. தோலோடு நின்றுவிடாமல் மனிதக் குடலிலும் முழுப் புழுவாகிறது. நம் பகுதியிலும் இருக்கிற புழு என்பதால் இதைச் சொல்கிறேன். காலையில் வெறுங்காலோடு வாசல் தெளித்துக் கோலம் போடுகிற பெண்களும், தோட்டத்தில் களை பறிப்பவர்களும் அந்த ஈர மண்ணில்தான் நிற்கிறார்கள்.

பார்வோ வேறு கதை. 1978-இல்தான் அந்த வைரஸ் நாய்களிடம் பரவலாக அடையாளம் காணப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கண்டு, இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடும். அந்தக் கழிச்சலின் வாடை தனி. ஒரு முறை முகர்ந்த கால்நடை மருத்துவர் மருந்தக வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்வார். புழு முட்டைக்குச் சொன்ன கெடு இதற்குப் பொருந்தாது. கழித்த அந்த நிமிடமே தொற்றும். மண்ணில் மாதக்கணக்கில், சாதகமான இடத்தில் ஒரு வருஷம் வரைக்கும்கூட, உயிர்ப்போடு கிடக்கும்.

"எங்க வீட்டுக்கு நாய் ராசியே இல்ல டாக்டரம்மா" என்று ஒரு குடும்பம் வந்தது. ஒரு குட்டி இறந்து, துக்கம் தாளாமல் இரண்டாவது வாங்கி, அதுவும் இறந்து, மூன்றாவதோடு வந்திருந்தார்கள். வாசல் திசை சரியில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டுப் புழக்கடைக்குப் போனேன். முதல் குட்டி கழிந்த இடத்தில் தண்ணீரை அடித்துவிட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் மண்ணில் ஊறியிருந்தது. அதே இடத்தில்தான் அடுத்த குட்டியைக் கட்டினார்கள். ராசியில் குறையில்லை, மண்ணில்தான் நோய் இருக்கிறது என்று விளக்கினேன். மூன்றாவது குட்டியைத் தடுப்பூசித் தவணைகள் முடியும் வரை உறவினர் வீட்டில் வைக்கச் சொன்னேன். மேல்மண்ணை எடுத்துவிட்டுத் தளம் போட்டார்கள். அந்தக் குட்டி வளர்ந்து நாயாகி, பல வருஷம் என்னிடம் ஊசி போட்டுக்கொண்டது.

தண்ணீர் அடிப்பதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் அதைச் செய்கிறார்கள். மண் தரையில் மலத்தின் மேல் ஓஸ் பைப்பைத் திருப்பினால் முட்டை பரவுகிறது, அது பொரிக்கத் தேவையான ஈரமும் கிடைக்கிறது. முதலில் அள்ள வேண்டும். கெட்டியாக இருந்தால் தகரக் கரண்டியோ உடைந்த முறமோ போதும். கழிச்சலாக இருந்தால் சாம்பலையோ மரத்தூளையோ காய்ந்த மண்ணையோ போட்டு உறிஞ்சவிட்டு, அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மண்ணையும் சேர்த்து வழிக்க வேண்டும். சிமெண்ட் தரையானால் அள்ளிய பிறகு தேய்த்துக் கழுவி, காயவிட வேண்டும். தரை காய்வது முக்கியம்.

கறுப்புப் பினாயில் ஊற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் உண்டு. அது வாடையைத்தான் மாற்றும். பார்வோவுக்கும் புழு முட்டைக்கும் அதை நம்ப முடியாது. பார்வோவைக் கொல்ல வீட்டு ப்ளீச்சில் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மலத்தை நீக்கித் தேய்த்துக் கழுவிய தரையில்தான் அது வேலை செய்யும். ப்ளீச்சோடு ஆசிட்டையோ வேறு கழுவும் மருந்தையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு வரும். உருண்டைப்புழு முட்டையை ப்ளீச்சும் கொல்லாது. மேலிருக்கும் ஒட்டும் தன்மை போகும், அவ்வளவுதான். அந்த முட்டைக்கு அள்ளுவதைத் தவிர வீட்டில் வேறு வழி இல்லை.

அள்ளியதை எங்கே போடுவது? கிராமத்து வீட்டில் கிணற்றுக்கும் கீரைப் பாத்திக்கும் தள்ளி, தண்ணீர் தேங்காத மேட்டில் இடுப்பளவு குழி வெட்டி, போடப்போட மண்ணும் சுண்ணாம்பும் தூவி மூட வேண்டும். நாயும் கோழியும் கிளறாதபடி மேலே ஒரு பலகை வேண்டும். நகரத்து வீட்டில், தாளில் எடுத்து, தாளை ஒதுக்கிவிட்டு, கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடுவது நல்ல வழி. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

மாட்டுச் சாணம் உரமாகும்போது இது ஏன் ஆகாது என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. மாடு புல் தின்கிறது, நாய் இறைச்சி தின்கிறது. குடலில் வாழ்பவையும் வேறு. வீட்டு உரக்குழி உருண்டைப்புழு முட்டையைக் கொல்லும் அளவுக்குச் சூடாவதில்லை. கீரைக்கும் கொத்தமல்லிக்கும் அதைப் போட்டால் முட்டை நேரே சமையலறைக்கு வரும். தென்னைக்குப் போடுகிறேன் என்பவர்களுக்கு அந்தத் தோப்புக்காரரின் கதையைத்தான் சொல்வேன்.

ஆடு மேய்க்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆட்டை அறுத்ததும் நீர்க்கட்டி நிறைந்த ஈரலையும் நுரையீரலையும் கிடை நாய்க்கு வீசுவது வழக்கம். அந்தக் கட்டிக்குள் இருப்பது ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம். நாயின் குடலில் அது அரை சென்டிமீட்டர் புழுவாகும். அதன் முட்டை கழித்த உடனேயே தொற்றும் தன்மையுள்ளது. புல்லோடு ஆட்டுக்குப் போகும், கையோடு மனிதருக்கும் போகும். மனித ஈரலில் அந்தக் கட்டி வருஷக்கணக்கில் வளரும், அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். கட்டி உள்ள ஈரலை ஆழமாகப் புதையுங்கள், நாய்க்குப் போடாதீர்கள்.

தினமும் அள்ளுகிறவருக்கு மருத்துவரை முந்திக்கொண்டு நோய் தெரிந்துவிடும். எங்கள் மருந்தகத்தில் கால்நடைப் பராமரிப்பு உதவியாளராக இருந்த அண்ணன், வீட்டில் சிப்பிப்பாறை வளர்த்தார். விடியற்காலையில் தானே அள்ளுவார். "நேத்து கொஞ்சம் சளியாப் போச்சு, இன்னைக்கு ஓரத்துல ரத்தக்கோடு இருக்கும்மா" என்று மாதிரியைத் தாளில் மடித்து எடுத்து வருவார். நாய் அப்போதும் நன்றாகச் சாப்பிட்டு ஓடிக்கொண்டிருக்கும். அரிசி போல அசைகிற நாடாப்புழுத் துண்டு, தார் நிற மலம், மேலே படர்ந்த சளி, விழுங்கிய பிளாஸ்டிக் எல்லாம் அவர் கண்ணில் முதல் நாளே பட்டுவிடும். அவர் வீட்டு நாய்க்கு நான் கொடுத்த மருந்து மிகக் குறைவு. புழு மருந்து கொடுத்த அடுத்த இரண்டு மூன்று நாள் அவர் இன்னும் கவனமாக இருப்பார். செத்த புழுவும் முட்டையும் கொத்தாக வெளியேறும் நாட்கள் அவை. மருந்து கொடுத்தாயிற்று என்று மற்றவர்கள் அள்ளுவதை விடுவதும் அதே நாட்களில்தான்.

அள்ளுவது கேவலமான வேலை, அதற்கென்று ஓர் ஆள் வேண்டும் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. வாரம் ஒரு முறை வருகிற ஆளுக்கு மிஞ்சுவது காய்ந்த சக்கைதான். லார்வாக்கள் அதற்குள் மண்ணில் இறங்கியிருக்கும், அவர் அதில் வெறுங்காலோடு நிற்பார். நாய் நம்முடையது. அதன் மலத்தை இன்னொருவர் காலில் ஏற்றுவது நியாயமில்லை. நாயைத் தெருவுக்குக் கூட்டிப்போய் அடுத்த வீட்டு வாசலில் கழிக்கவிட்டுத் திரும்புவதும் அதே அநியாயம்தான்.

நாய் வளர்க்கிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்வது இது. இன்று மாலை விளக்கு வைப்பதற்கு முன் முற்றத்தைச் சுற்றி வாருங்கள். கிடப்பதை அள்ளிப் புதையுங்கள். நாளைக் காலை மறுபடியும் செய்யுங்கள். குட்டி இருக்கும் வீடாக இருந்தால் பதினைந்தாம் நாளில் புழு மருந்தும், ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முதல் தடுப்பூசியும் தொடங்கியாக வேண்டும். அதற்கு உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். போகும்போது அன்றைக்குக் கழித்த மலத்தில் சிறிது ஒரு குப்பியில் கொண்டுபோங்கள். பார்த்துச் சொல்ல அரை மணி நேரம் ஆகாது.